அவள் ஒன்றுதான் கேட்டாள்

அஞ்சலைக்குப் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. தாய் கண்ணில் காட்டக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். கணவன் சடையன் துணியில் சுற்றி எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டு வந்தான். மூன்று நாளாக அவள் ஒரு வாய் சோறு தொடவில்லை.

ஊர் மடத்துக் குருவம்மா, ஆறுதல் சொல்லத் தன் சீடர் பஞ்சாட்சரத்தை அங்கே அனுப்பினார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். குருவைவிட இருபது வயது மூத்தவர். போனவர் துண்டை உதறிக்கொண்டு திரும்பி வந்தார்.

“இனி என்னை அங்க அனுப்பாதீங்கம்மா. அதுக்குச் சுவரோட பேசலாம்.”

“என்ன பேசினீங்க?”

“முதல்ல கர்மவினையைச் சொன்னேன். காதுலயே வாங்கலை. வயசிருக்கு, அடுத்த வருஷமே இன்னொண்ணு பிறக்கும்னேன். முகத்தைத் திருப்பிக்கிட்டா. சரி, உடம்பு வெறும் சட்டைதான்னு ஆரம்பிச்சு, முக்கால் மணி நேரம் விளக்கினேன்.”

“முக்கால் மணி நேரம்! பச்சை உடம்புக்காரிகிட்ட!”

“ஆமாம்மா. புருஷன்காரன் என்னடான்னா ரெண்டு முழம் மல்லிகைப்பூ வாங்கிட்டு வர்றான். துக்க வீட்டுல பூ! இவங்களுக்கு எதைச் சொல்லி என்ன?”

குருவம்மா கண்ணை மூடித் திறந்தார்.

“அது தலைக்கு இல்லை வாத்தியாரே. குடிக்கப் பிள்ளை இல்லைன்னு பாலுக்குத் தெரியாது. மார்பு கட்டிக்கிட்டு வலியில உயிர் போகும். பால் வத்துறதுக்குப் பூவை வெச்சுக் கட்டுவாங்க.”

பஞ்சாட்சரம் துண்டை மடித்தார். மறுபடியும் மடித்தார்.

“அவ வாயே திறக்கலையா?”

“உருப்படியா ஒண்ணும் பேசலை. ஒரே கேள்விதான், திரும்பத் திரும்ப. பிறந்தது ஆணா பெண்ணான்னு. யாரும் சொல்லலையாம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஆன்மாவுக்கு ஆண் பெண் பேதமே கிடையாதுன்னேன்.”

குருவம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“நாலு வருஷமா நான் உங்களுக்கு இதையா சொல்லிக்கொடுத்தேன்?”

“இதையேதாம்மா சொல்லிக்கொடுத்தீங்க.”

குருவம்மா எழுந்து செருப்பை மாட்டினார். சீடர் பின்னாலேயே ஓடினார்.

சடையன் வாசலில் குந்தியிருந்தான்.

“ஏம்ப்பா, பிள்ளை ஆணா பெண்ணா?”

அவன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “சொல்லக் கூடாதுன்னுட்டாங்கம்மா. தெரிஞ்சா நெனச்சு நெனச்சு அழுவாளாம். தெரியலைன்னா சீக்கிரம் மறந்துருவாளாம்.”

“நீ பார்த்தியா?”

“பார்க்காம எப்படிம்மா குழியில வைப்பேன்?”

“மறந்துட்டியா?”

அவன் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தான்.

“பொண்ணு,” என்றான். “தலை நெறைய முடி. மூக்கு அப்படியே அவ மூக்கு.”

“என்கிட்ட எதுக்குப்பா சொல்றே? எந்திரி. உள்ள போய்ச் சொல்லு.”

அவன் போனான். உள்ளே அவன் குரல் தணிந்து கேட்டது. பிறகு அஞ்சலை வீறிட்டு அழுதாள். சடையனின் குரலும் அதோடு சேர்ந்துகொண்டது.

பஞ்சாட்சரம் பதறிப்போய் வாசல் படியில் கால் வைத்தார்.

“அம்மா, அழறாங்க! நான் போய் ரெண்டு வார்த்தை...”

“அவ இப்பத்தான் பிள்ளையைப் பார்த்துக்கிட்டிருக்கா, வாத்தியாரே. மறைக்காம தள்ளி நில்லுங்க.”