குடத்துக்கு ஒரு நிழற்கூரை

“சும்மா கொடுக்கிறார்கள். அதையும் வேண்டாமென்று சொல்ல இந்த ஊர்ப் பொம்பளைகளால்தான் முடியும்.”

சொன்னவர் குலசேகரன். வெளிநாட்டு உதவி வந்தால் அதை எந்த ஊருக்கு, எந்த வேலைக்கு ஒதுக்குவது என்று தலைநகரில் உட்கார்ந்து திட்டம் போடுகிற அதிகாரி. சொன்ன இடம் முள்ளித்துறை நகராட்சிக் கூடம். எதிரே, கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தவள் இன்னாசியம்மாள், மீனவர் தெருக்களின் கவுன்சிலர். சும்மா யாரும் எதையும் கொடுப்பதில்லை என்பது குடும்பம் நடத்துகிற எவளுக்கும் தெரியும். தலைநகரில் இன்னும் தெரியவில்லை போலிருக்கிறது. சண்டை அப்படியே நிற்கட்டும். எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

முள்ளித்துறையில் தோண்டினால் உப்புத் தண்ணீர்தான். குடிநீர் லாரியில் வரும், அல்லது வராது. லாரி நிற்பது மேட்டில், தெருக்கள் இருப்பது கீழே கடலோரத்தில். நிறைகுடத்தோடு அந்தச் சரிவில் இறங்குவது பெண்கள் வேலை. லாரி வரும்வரை வெயிலில் யார் காய்வது? குடங்களை வரிசையில் நிறுத்திவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்த ஊரில் குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அதை நகர்த்தி ஓரம் வைக்கும் தைரியம் எவருக்கும் கிடையாது.

இந்தப் பெரிய ஜனநாயக நாட்டுக்கு உதவ, பனி விழும் ஒரு சின்ன நாடு முன்வந்தது. அங்கிருந்து ஹெல்கா என்ற அதிகாரி பொறுப்பேற்றாள். “முள்ளித்துறையில் இனி ஒரு பெண்ணும் தண்ணீர் சுமக்க மாட்டாள்” என்று தன் நாட்டு நாடாளுமன்றக் குழுவுக்கு அவள் வாக்குக் கொடுத்தாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவர்கள் நிதி ஒதுக்கினார்கள்.

பிறகு அந்த நாட்டு நிபுணர் ஒருவர் வந்தார். வந்தவர் வரிசையில் இரண்டு குடங்களுக்கு நடுவே போய் நின்றுகொண்டார். ஒருத்தி, “இந்தக் குடம் யாருதுடி, இவ்வளவு உயரமா இருக்கு?” என்று கேட்டாள். தெருவே சிரித்தது. அவரும் சந்தோஷமாகப் படம் எடுத்துக்கொண்டு போய், இந்தப் பெண்கள் மிகவும் மகிழ்ச்சியாக இருப்பது தண்ணீர் பிடிக்கும் இடத்தில்தான், வீட்டுக்குள் குழாய் வைத்து அந்த உறவைக் கெடுத்துவிடக் கூடாது என்று எழுதினார். அதன்படி திட்டம் தயாரானது. தூரத்து ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து, லாரி நிற்கிற அதே மேட்டில் பத்துக் குழாய்கள், கல் பெஞ்சுகள், அழகான நிழற்கூரை. பெண்கள் உட்கார்ந்து பேசலாம்.

பேசுவதற்கு இடமில்லை என்று யார் அழுதார்கள்?

இன்னாசியம்மாளோ தேர்தலில், குழாய் அவரவர் அடுப்படிக்கு வரும் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். குலசேகரனும் ஒரு வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்தான். போன வருஷம் வேறொரு உதவி செலவாகாமல் திரும்பிப் போய், சபையில் அமைச்சரைக் கேலி செய்தார்கள். இந்த முறை திரும்பாது என்று அவர் அமைச்சரிடம் அடித்துச் சொல்லியிருந்தார். உள்ளூர்க் கவுன்சிலர் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அன்று மாலைக்குள் அந்தக் கையெழுத்து விழாவிட்டால் நிதி வேறு நாட்டுக்குப் போய்விடும்.

கூரையும் பெஞ்சும் வேண்டாமென்றால் அதே நிதியில் வீடுகளுக்குக் குழாய் இழுக்க முடியுமா என்று இன்னாசியம்மாள் கேட்டாள். முடியும் என்று குலசேகரன் ஒத்துக்கொண்டார். ஆனால் ஒப்புதலான வரைபடத்தை மாற்ற வேண்டுமானால், எங்கள் நிபுணர் சொன்னது தவறு என்று ஹெல்காவே அன்றைக்கே தன் மேலிடத்துக்கு எழுத வேண்டும். ஓரளவு தமிழ் கற்றுக்கொண்டு வந்து, குலசேகரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹெல்கா, திட்டத்தை நிறைவேற்றுவதாகத் தான் வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். இப்போது வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டுக் குழாயைப் பிறகு பார்ப்போம் என்றார் குலசேகரன்.

“பிறகுன்னு சொன்ன வேலைக்கெல்லாம் எங்க ஊர்ல அடிக்கல் இருக்கு ஐயா. ஆடு படுத்துக்குது,” என்றாள் இன்னாசியம்மாள்.

லாரி நிற்கிற மேட்டில்தான் அந்தக் கூடம். வாசலில் ஜெசிந்தா நின்றிருந்தாள். மீனவர் தெருக்காரி, எட்டு மாதக் கர்ப்பிணி. அன்று லாரியில் பிடித்த குடத்தைக் கீழே வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். “போட்டுடு அக்கா,” என்றாள். “லாரிக்குக் காத்துக் கிடக்காம, திறந்தா தண்ணியாச்சும் வருமே.”

அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. இன்னாசியம்மாள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னாள். பேனாவை மட்டும் திறக்கவில்லை.

வாக்குக் கொடுத்தவர்கள் மூன்று பேர். கையெழுத்து விழுந்தால் இன்னாசியம்மாள் பொய்யாகிறாள். விழாவிட்டால் குலசேகரன் பொய்யாகிறார். அப்படியானால் இந்த மூவரில் இறங்கி வரவேண்டியது யார்?

பாதிப் பேர் இன்னாசியம்மாள் என்பீர்கள், வீம்பு பிடிக்கிறாள் என்று. ஹெல்கா என்ன வாக்குக் கொடுத்தாள் என்பதை மறுபடி படியுங்கள். ஒரு பெண்ணும் சுமக்க மாட்டாள் என்றுதான் சொன்னாள். கூரை போடுவதாகச் சொல்லவில்லை. மேட்டில் குழாய் வைத்தால் குடம் இடுப்பைவிட்டு இறங்கப்போவதில்லை. ஆகவே கையெழுத்து விழுந்தால் பொய்யாவது இரண்டு வாக்கு. ஹெல்கா இறங்கி வந்து வரைபடத்தை மாற்ற எழுதினால் மூன்று வாக்கும் நிற்கும். போவது ஒரு நிபுணரின் பெயர் மட்டும், போகட்டும். ஹெல்காவின் வாக்கைக் காப்பாற்ற அந்தக் கூடத்தில் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தவள் இன்னாசியம்மாள் ஒருத்திதான். அவள் எழுந்துபோய் ஜெசிந்தாவின் நிறைகுடத்தைத் தூக்கி வந்து, மேசையில் விரித்திருந்த வரைபடத்தின் மேல் வைத்தாள். “உங்கள்ல ஒருத்தர் இதை எங்க தெரு வரைக்கும் தூக்கிட்டு வாங்க. அங்க வச்சுக் கையெழுத்துப் போடறேன்,” என்றாள். குலசேகரன் ஹெல்காவைப் பார்த்தார். ஹெல்கா குடத்தைப் பார்த்தாள். இன்னாசியம்மாள் ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். குடம் வரைபடத்தின் மேலேயே நின்றது. அதை நகர்த்தி வைக்க ஒருவரும் எழுந்திருக்கவில்லை.