பத்து நாள் புகை

பனிமலையும் ஏரியும் உள்ள ஒரு சிறு நாட்டில், காற்றை அளக்கும் வீடு ஒன்று குன்றின் உச்சியில் இருந்தது. காலையில் மூடுபனி ஏறும்போது குன்று மறைந்துவிடும். வீடு மட்டும் வெள்ளை நீரில் மிதப்பதுபோல் தெரியும். அங்கே தனியாக இருந்து கருவிகளைப் பார்த்துக்கொண்டவர் உமையாள். வயது நாற்பத்தொன்று.

செருப்போடு அந்தக் குன்றில் யாரும் ஏறுவதில்லை. கருவிக்குள் தினமும் ஒரு வெள்ளைத் தாள் வைப்பார்கள். காற்றில் வரும் கரி அதில் படியும். செருப்பில் ஒட்டிய தூசி தாளைக் கெடுத்துவிடக் கூடாது என்று ஏற்பட்ட வழக்கம். அமைச்சரே வந்தாலும் அடிவாரத்தில் கழற்ற வேண்டும். அதனாலோ என்னவோ, அமைச்சர் யாரும் வந்ததில்லை.

மாசிலாமணி மட்டும் அடிக்கடி வந்துகொண்டிருந்தார். சுற்றுச்சூழல் துறையின் செயலாளர். உமையாளைவிடப் பதினேழு வயது மூத்தவர். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விவரம் கேட்க ஏறியவர். விவரம் கிடைத்தது. சந்தேகம் தீரவில்லை. அன்றிலிருந்து மாணவராகவே ஏறினார்.

அந்த ஆண்டு நாட்டின் காலநிலைத் திட்டத்தை எழுதும் வேலை அவரிடம் வந்தது. அடுத்த திட்டம் ஏழு ஆண்டு கழித்துத்தான். பங்குனி மாதத்தில் ஒரு காலை, மூச்சு வாங்க வந்து வாசலில் உட்கார்ந்தார்.

"வாங்க செயலாளரே. முகத்தைப் பாத்தா சபையில அடிச்சுட்டாங்கபோல இருக்கே?"

"சிரிச்சாங்கம்மா. அடிச்சிருந்தாக்கூடத் தேவலாம்."

நடந்ததைச் சொன்னார். அந்த நாட்டில் ஒரு விதி உண்டு. ஒரு தலைமுறைக் காலம் நிற்காத எதையும் நாட்டுத் திட்டத்தில் எழுதக் கூடாது. அணையை எழுதலாம். சாலையை எழுதலாம். பந்தலை எழுதக் கூடாது. பந்தல் போட்டே தேர்தலில் ஜெயித்த பழைய ஆட்களால் வந்த விதி. நல்ல விதிதான். ஒவ்வோர் அத்தியாயத்தையும் வாசித்து முடித்ததும், "இது எத்தனை காலம் நிற்கும்?" என்று சபைத் தலைவர் கேட்பார்.

"அனல்மின் நிலையத்துல நிலக்கரி எரிக்கிறதைப் பத்தி வாசிச்சேன். அதுல வர்ற கரியமில வாயு நம்ம பேரப்பிள்ளைகளைத் தாண்டியும் நிக்கும்னு சொன்னேன். சரின்னு முத்திரை குத்திட்டாங்க. அடுத்து செங்கல் சூளைப் புகை. எத்தனை காலம் நிக்கும்னு கேட்டாங்க. அதிகம் போனா பத்து நாள்னு உண்மையைச் சொன்னேன். சிரிப்பு அடங்க நேரமாச்சு. குப்பைமேட்டு மீத்தேனாவது தேறும்னு பாத்தேன். அது பன்னிரண்டு வருஷம். அதுவும் தலைமுறைக்குப் பத்தலை."

"யார் ரொம்பச் சிரிச்சது?"

"மின்துறை அமைச்சர். 'தானாப் போறதுக்கு எதுக்கய்யா திட்டம்? ஜன்னலைத் திறந்து வைங்க'ன்னார்."

உமையாள் பனிமலையைப் பார்த்தார். வெயில் இன்னும் படவில்லை. சூளைகளின் கரி போய் விழுந்து, பனி பழைய வேட்டியின் நிறத்தில் இருந்தது. கறுத்த பனி வெயிலைக் குடித்துச் சீக்கிரம் உருகிவிடும்.

"உங்க அக்கா வயல் எப்படி இருக்கு?"

மாசிலாமணியின் அக்கா சௌந்தரம் மலையடியில் படிவயல் வைத்திருந்தார். உருகிய பனிதான் அதற்குத் தண்ணீர். முன்பெல்லாம் நாற்று எழுந்த பிறகு வரும் தண்ணீர், இப்போது நாற்று விடும் முன்பே வந்து ஓடிவிடுகிறது. கதிர் பிடிக்கும்போது வாய்க்கால் வெடித்துக் கிடக்கிறது.

"இந்த வருஷமும் போச்சு. 'உன் பேனாவுல மை இருக்குடா, என் வாய்க்கால்ல தண்ணி இல்லை'ங்கறா. இன்னும் ரெண்டு வருஷம் இப்படின்னா நிலத்தை விட்டுட்டுப் போயிடுவா. அந்த மலையடியில எல்லாருமே."

"உள்ள வாங்க" என்றார் உமையாள்.

அடுப்படி சிறியது. ஒரு ஜன்னல். அவர் அதைத் திறந்துவைத்தார். அடுப்பில் ஈர விறகு ஒன்றைச் செருகி ஊதினார். புகை எழுந்தது.

"இந்தப் புகை எவ்வளவு நேரம் நிக்கும்?"

"ஜன்னல் திறந்திருக்கே. அஞ்சு நிமிஷம்."

"அப்போ அஞ்சு நிமிஷம்தான். பேசாம உட்காருங்க."

மாசிலாமணி மணையில் உட்கார்ந்தார். சுவர் மங்கியது. பிறகு அடுப்பு மங்கியது. உமையாள் ஒரு நிழலாக அசைந்தார். ஜன்னலுக்கு வெளியே மலை இருந்த இடத்தில் வெறும் வெளிச்சம் இருந்தது. மணையோடு தானும் மெல்ல எழும்புவதுபோல் அவருக்குத் தோன்றியது. எங்கோ தூரத்தில் யாரோ இருமினார்கள். தான்தான் என்று பிறகு தெரிந்தது.

கால்மணி நேரம் போயிற்று. அவருடைய கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"என்ன செயலாளரே, முதல்ல வந்த புகை எப்பவோ வெளியே போயிருக்குமே. ஏன் இன்னும் அழறீங்க?"

"நீங்க விறகைத் தள்ளிக்கிட்டே இருக்கீங்களேம்மா!"

"அதுக்கென்ன? ஒவ்வொரு புகைக்கும் ஆயுசு அஞ்சு நிமிஷம்தானே?"

அவர் இருமிக்கொண்டே சிரித்தார். உமையாள் விறகை இழுத்து வெளியே மணலில் புதைத்தார். அடுப்பும் சுவரும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கடைசியில் ஜன்னலில் மலை வந்து நின்றது.

"இவ்வளவு சீக்கிரமா!" என்றார் மாசிலாமணி.

"ஆயுசு குறைவுதானே" என்றார் உமையாள்.

மறுவாரம் சபையில் அதே கேள்வி வந்தது. இது எத்தனை காலம் நிற்கும்?

"நாம விறகு தள்ளுற வரைக்கும்" என்றார் மாசிலாமணி. அடுப்படியில் நடந்ததையும் சொன்னார்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சூளையும் குப்பைமேடும் திட்டத்துக்குள் வரலாம் என்று தலைவர் அனுமதித்தார். எல்லா அமைச்சர்களும் ஒப்புக்கொண்ட வரைவோடு சித்திரை முடிவதற்குள் வரச் சொன்னார்.

சித்திரை முடிய இரண்டு நாள் இருக்கும்போது அவர் மறுபடியும் குன்றேறினார். உச்சி வெயில். பாதி வழியில் இலந்தை முள் குதிகாலில் ஏறிவிட்டது. காலையிலிருந்து சாப்பிடவும் இல்லை. ஆனாலும் நொண்டிக்கொண்டே சிரித்த முகமாக வந்தார். கையில் வரைவு இருந்தது.

"ஜெயிச்சாச்சும்மா! நாளைக்குச் சாயங்காலம் முத்திரை."

"முதல்ல காலை நீட்டுங்க."

உமையாள் ஊக்கின் முனையால் முள்ளைக் கிளறினார்.

"மின்துறை அமைச்சரும் ஒத்துக்கிட்டாரா?"

"ஒத்துக்கிட்டார்... ஆ, மெதுவா! ஒரே ஒரு வரிதான் சேக்கச் சொன்னார்."

"வாசிங்க."

மாசிலாமணி வாசித்தார். "சூளைப் புகையும் குப்பைமேட்டு மீத்தேனும் குறைவதால் தணியும் வெப்பத்துக்குச் சமமாக, ஏரிக்கரை அனல்மின் நிலையம் மேலும் இருபது ஆண்டுகள் இயங்கலாம்."

முள் வெளியே வந்தது. உமையாள் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு எறிந்தார்.

"போன தடவை முத்திரை குத்தினாங்களே, நிலக்கரியைப் பத்தி? அதுல என்ன எழுதியிருந்தீங்க?"

"நிலையத்தை அஞ்சு வருஷத்துல மூடணும்னு. அதை இந்த வரி கொஞ்சம் தள்ளி வைக்குது. ஆனா இந்தப் பக்கம் குறையுது, அந்தப் பக்கம் கூடுது, மொத்தத்துல ஒண்ணுதானேம்மா? அமைச்சர் தராசு மாதிரிக் கையை வெச்சுக் காட்டினார்."

"கால் எப்படி இருக்கு?"

மாசிலாமணி குதிகாலை ஊன்றிப் பார்த்தார். "சொர்க்கமா இருக்கு. பசிதான் கண்ணை இருட்டுது."

"சாப்பாடு ஆயிடுச்சு. வாங்க."

தட்டில் சோறும் மொச்சைக் குழம்பும் வந்தன. மாசிலாமணி இரண்டு முறை வாங்கிச் சாப்பிடுகிறவர் என்பது உமையாளுக்குத் தெரியும். தட்டில் இருந்தது ஒரு பிடி. நாலு வாயில் தீர்ந்தது. அவர் கையை எடுக்காமல் காத்திருந்தார். உமையாள் பானையை மூடினார்.

"என்னம்மா, இவ்வளவுதானா?"

"மீதியை முள்ளுல கழிச்சுட்டேன்."

"எதுல?"

"முள்ளு ஒரு வலி. பசி ஒரு வலி. ஒரு வலியை எடுத்துட்டேன் இல்லையா? அதுக்குச் சமமா இந்த வலி இருக்கலாம்."

"நல்லா இருக்கே கதை! முள்ளை எடுத்தா வயிறு எப்படிம்மா ரொம்பும்? முள்ளு வேற, சோறு..."

அவர் நிறுத்திக்கொண்டார்.

வெளியே வெயில் மறைந்து மூடுபனி திரும்ப ஏறத் தொடங்கியது. முதலில் பாதை போயிற்று. பிறகு வேலி. தட்டின் பக்கத்தில் வரைவு விரிந்து கிடந்தது. குழம்புச் சொட்டு ஒன்று அதில் விழுந்து மெல்லப் பரவியதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்காவுக்குத் தண்ணி வந்துடும்னு மட்டும்தாம்மா நினைச்சேன்" என்றார் மாசிலாமணி.

"வரும். சூளைப் புகை நின்னா ஒண்ணு ரெண்டு வருஷத்துல பனி வெளுக்கும். தண்ணி நேரத்துக்கு வரும். அது பொய்யில்லை."

"அந்த நிலையம் இருபது வருஷம் ஓடினா?"

"மேல அனுப்பின கரியமில வாயுவைத் திருப்பிக் கூப்பிட முடியாது. அக்கா பேத்தி நாத்து விடும்போது தண்ணி நேரத்துக்கு வரலாம். வர்றதுக்கு மலையில பனி இருக்குமான்னுதான் தெரியலை."

மாசிலாமணி வரைவைக் கையில் எடுத்தார்.

"அப்போ இந்த அத்தியாயமே வேண்டாங்கறீங்களா? முள்ளோடவே நடக்கணுமா?"

"முள்ளை எடுத்தது யாரு?"

"நீங்கதான்."

"சோறு போடறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால."

"ஏன்?"

"முள்ளு நிமிஷத்துல வந்துடும். சோறு தின்னு முடிக்க நேரமாகும்."

"ரெண்டையும் செய்யணும்னுதானே இங்க வந்தீங்க?"

அவர் எச்சில் கையைக் கழுவிவிட்டு வந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அமைச்சர் சேர்க்கச் சொன்ன வரியை அடித்தார். சூளைக்கும் குப்பைமேட்டுக்கும் ஒரு பக்கத்தில் தனி இலக்கு. நிலக்கரிக்கு அடுத்த பக்கத்தில் தனி இலக்கு. ஒன்றின் குறைவை மற்றொன்றில் காட்டக் கூடாது என்று கீழே எழுதினார்.

உமையாள் பானையைத் திறந்து தட்டை நிரப்பினார்.

மாசிலாமணி சோற்றைத் தொடவில்லை.

"அமைச்சர் இதுக்கு ஒத்துக்கமாட்டாரும்மா. அவர் ஒத்துக்கலைன்னா அத்தியாயம் போச்சு. இன்னும் ஏழு வருஷம். அக்கா அதுவரைக்கும் அங்க இருக்கமாட்டா."

"சபை நாளைக்கு எப்போ?"

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு."

"நேரம் இருக்கே. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவரை இங்க கூட்டிட்டு வாங்க."

"அவரா? குன்றேறியா? வந்து?"

உமையாள் குழம்பை ஊற்றினார்.

"வெறுங்காலோட."