சேவல் கூவிவிட்டு ஏன் காது கொடுக்கிறது

அந்தக் காலத்தில், கோழிக்கும் ஆட்டுக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சாக இருந்த நாளில், சேவல்கள் கூவியதில்லை. கூவ வேண்டிய அவசியம் இல்லை. எழுந்ததும் கொட்டாவி விட்டு, இறகை உதறிக்கொண்டு, வாசலுக்கு வந்து, "ஆத்தா, வயிறு பசிக்கு" என்று சொல்லும். அவ்வளவுதான்.

கரிசல் காட்டு ஊர் ஒன்றில் சீனியம்மா என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் வேலாண்டி. வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கொல்லை, அதில் ஏழு பெட்டைக் கோழிகள். அந்த வருஷம் ஒரு பெட்டை குஞ்சு பொரித்த பத்தாம் நாள் அதைக் கீரி கொண்டுபோய்விட்டது. குஞ்சுகளில் பாதியைப் பருந்து தூக்கியது. மிச்சம் மூன்று. தாயில்லாத குஞ்சு பிழைக்காது, விட்டுத் தள்ளு என்றார்கள். சீனியம்மாவுக்கு இப்படி யாராவது சொல்லிவிட்டால் போதும், பிடிவாதம் வந்துவிடும்.

உடைந்த பானை ஒன்றில் சாணியும் வைக்கோலும் அடைத்து, கரையான் ஓடுகிற மண்ணில் கவிழ்த்து வைப்பாள். காலையில் போய்ப் பானையை நிமிர்த்தினால் உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கரையான் அப்பியிருக்கும். குஞ்சுகளுக்கு முன்னால் தட்டிவிடுவாள். மூன்றும் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வரும். அப்படி வளர்த்து ஆளாக்கினாள். ஆளான பிறகு பார்த்தால், மூன்றுமே சேவல்.

மூத்தவன் செவலை. கோபக்காரன், தன் நிழலோடும் சண்டைக்கு நிற்பான். நடுவுள்ளவன் கருப்பன், சாப்பாட்டு ராமன். கடைசியில் சாம்பலான், எந்நேரமும் கழுத்தை நீட்டி வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பான்.

கொஞ்ச நாளில் கொல்லையில் நிம்மதி போயிற்று. மூன்று சேவல்களும் ஒன்றின் கொண்டையை ஒன்று கிழித்துக்கொண்டன. பெட்டைகளின் முதுகில் இறகு உதிர்ந்து தோல் தெரிந்தது. முட்டையும் நின்றது. ஒருநாள் புள்ளிக்கோழி மற்ற ஐந்தையும் கூட்டிக்கொண்டு சீனியம்மாவிடம் வந்து திரும்பி நின்று முதுகைக் காட்டியது.

"ஆத்தா, நீயே பாரு. மூணு பேரும் மாத்தி மாத்தி மிதிச்சா நாங்க என்னத்துக்கு ஆவோம்? குப்பையைக் கிளறி ஒரு வாய் தின்ன முடியல. எங்களுக்கு ஒருத்தன் போதும்."

சீனியம்மா முதுகைத் தடவிப் பார்த்தாள். ரத்தம் கன்றியிருந்தது. அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. மூன்று பிள்ளைகளின் மேல் வைத்த பாசத்தில் ஆறு பேரின் வலியைப் பார்க்காமல் இருந்துவிட்டாள்.

முதலில் ஒரு வழி செய்து பார்த்தாள். ஒருத்தனை வெளியே விட்டு, மற்ற இரண்டு பேரையும் ஆளுக்கொரு பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தாள். மூங்கில் கூடைக்குள் இருக்கிறவன் அழுவான். வெளியே இருக்கிறவன் வெளியே நின்றபடியே அவனை வம்புக்கு இழுப்பான். மூன்று நாளில் அவளுக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

வேலாண்டி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "ரெண்டை அடிச்சுக் கொழம்பு வையி. இதுக்குப் போயி ஒரு யோசனையா?"

"பேரு சொல்லிக் கூப்பிட்ட வாயில எப்படி அள்ளிப் போடுறது?"

"அப்ப சந்தைக்குக் கொண்டு போ."

"சந்தைக்குப் போனாலும் சட்டிதான். அடுத்தவன் சட்டி. கண்ணால பாக்க மாட்டோம், அம்புட்டுதான்."

குழம்பு போனதில் வேலாண்டிக்கு வருத்தம்தான்.

யாரை வைத்துக்கொள்வது என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை. பெட்டைகளையே கேட்டாள். புள்ளிக்கோழி யோசிக்காமல் சொன்னது: "சாம்பலான் இருக்கட்டும். பருந்து வந்தா அவன்தான் சத்தம் குடுக்கான். மத்தவங்க ரெண்டு பேரும் எங்களுக்கு முந்தி ஓடி ஒளியுறாங்க."

செவலைக்கும் கருப்பனுக்கும் முகம் தொங்கிவிட்டது. ஆனால் பொய்யென்று சொல்ல முடியவில்லை. செவலை மெதுவாகக் கேட்டான்: "ஆத்தா, எங்களை எங்க அனுப்பினாலும் சரி. கத்திக்கு மட்டும் அனுப்பிறாத."

அந்த ஒரு பேச்சுதான் சீனியம்மாவை உறங்கவிடாமல் அடித்தது. அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆட்டையும் கோழியையும் வாரத்துக்கு விடுவது அந்தப் பக்கத்து வழக்கம். வளர்க்கிறவர் வீட்டில் வளரும், அது போடுகிற குட்டியிலும் குஞ்சிலும் பாதி உடையவருக்கு. உடையவரைக் கேட்காமல் அதன்மேல் கை வைக்கக் கூடாது. பெட்டையைத்தான் அப்படி விடுவார்கள். சீனியம்மா சேவலை வாரத்துக்கு விடப் போனாள்.

கருப்பனைத் தூக்கிக்கொண்டு செக்கு ஆட்டுகிற மொட்டையன் வீட்டுக்குப் போனாள். மொட்டையன் சிரித்தான். "யக்கா, பெட்டை முட்டை போடும், குஞ்சு பொரிக்கும், பங்கு குடுக்கலாம். சேவல் என்னத்தப் போடும்? எதுல பங்கு கேப்ப?"

"தினமும் விடிஞ்சதும் அவன் குரல் என் வீட்டுக்கு வரணும். அதுதான் என் பங்கு."

கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் மொட்டையன் ஒத்துக்கொண்டான். புண்ணாக்கு கிடக்கிற வீடு என்பதால் கருப்பனும் மறுப்புச் சொல்லவில்லை.

செவலையைக் கண்மாய்க்கு அந்தக் கரையில் இருக்கிற இருளாயி வீட்டில் விட்டாள். இருளாயியிடம் மூன்று பெட்டைகள் இருந்தன, சேவல் இல்லை. அவளும் அதே வாக்குக் கொடுத்தாள்.

மறுநாள் விடிந்ததும் சாம்பலான் பஞ்சாரத்தின்மேல் ஏறி நின்றான். இத்தனை தூரத்துக்கு யாரும் அதுவரை பேசியதில்லை. நெஞ்சு விம்ம, கண்ணை மூடிக்கொண்டு, "இருக்கீங்களா" என்று நீட்டிக் கத்தினான். செக்கு வீட்டிலிருந்து "இருக்கேன்" என்று கருப்பன். கண்மாய்க்கு அந்தப் பக்கமிருந்து "இருக்கேன்" என்று செவலை. அவ்வளவு தொலைவில் சொல் வழியிலேயே கரைந்துபோய் இழுவை மட்டும்தான் வந்து சேர்ந்தது. சீனியம்மாவுக்கு அது போதும். இரண்டு குரலும் வந்த பிறகுதான் வாசல் தெளிப்பாள்.

பெட்டைகளின் முதுகில் இறகு முளைத்தது. கூடையில் முட்டை விழுந்தது. மழை பெய்து, கண்மாய் நிறைந்து, வற்றியது. ஒருநாளும் பங்கு தவறவில்லை.

ஒருநாள் காலையில் கருப்பன் குரல் வந்தது. செவலை குரல் வரவில்லை.

சாம்பலான் மறுபடியும் கூப்பிட்டான். வரவில்லை. சீனியம்மா வாளியைப் போட்டுவிட்டுக் கண்மாய்க் கரையில் ஓடினாள்.

இருளாயி வீட்டு வாசலில் புதுச் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. குப்பைமேட்டில் செவலையின் இறகுகள் கிடந்தன. இருளாயி வெளியே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, என்னை ஏசு, அடி, என்ன வேணாலும் செய்யி. எம்மக ரெண்டு வருஷமா வாழாவெட்டியா இங்க கிடந்தா, உனக்குத் தெரியும். நேத்து மாப்பிள்ளை தானா வந்து நின்னாரு. கூட்டிட்டுப் போறேங்காரு. ரெண்டு வருஷங் கழிச்சு வீட்டுக்குள்ள காலெடுத்து வெச்ச மனுசனுக்கு வெறும் புளித்தண்ணியா ஊத்துவேன்? பெட்டையைப் பிடிக்கப் போனேன். மூணும் அடைகாக்குது. உன்கிட்டக் கேக்க ஓடி வரவும் நேரமில்ல."

உள்ளே அந்தப் பெண் துணிமூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்தில் அவள் முகத்தில் சிரிப்பைச் சீனியம்மா அன்றுதான் பார்த்தாள். ஏசுவதற்கென்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள்.

"பிள்ள நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். கரையில் பாதி தூரம் வந்ததும் உட்கார்ந்து அழுதாள். இருளாயியின் மேல் கோபம் இல்லை. கத்திக்கு மட்டும் அனுப்பாதே என்று செவலை கேட்டானே, அதைக் காக்க முடியவில்லையே என்றுதான் அழுதாள்.

வீட்டில் சாம்பலான் இன்னும் பஞ்சாரத்தின்மேல்தான் நின்றான்.

"ஆத்தா, செவலை அண்ணன் ஏன் கூப்பிடல?"

சீனியம்மா அவனைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வாயில் வந்தது வேறு.

"அசந்து தூங்குறான் போல. நீ இன்னொரு தடவை கூப்பிட்டுப் பாரு."

சாம்பலான் கூப்பிட்டான். "இன்னும் கொஞ்சம் சத்தமாக் கூப்பிடட்டா ஆத்தா?" என்று கேட்டான். கூப்பிடு என்றாள். வேறு என்ன சொல்லுவாள்? நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் நானாக இருந்தாலும் அந்தப் பொய்யைத்தான் சொல்லியிருப்பேன்.

அண்ணன் தூங்குகிறான் என்று நம்பி அவன் உச்சி வெயிலிலும் கூப்பிட்டான், பொழுது சாய்கிறபோதும் கூப்பிட்டான். அந்த ஒரு சொல்லையே கத்திக் கத்தி மற்றப் பேச்செல்லாம் அவனுக்கு மறந்துபோயிற்று. சத்தம் கேட்டுக் கருப்பன் பதில் கொடுத்தான். அடுத்த தெருச் சேவல்களும் பாவம் பார்த்து, "நாங்க இருக்கோம்" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தன. பக்கத்து ஊருக்கும் அது பரவியது.

அன்று தொட்டுத்தான் சேவல் ஒரு தடவை கூவியதும் கழுத்தைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கிறது. ஊர்ச் சேவல் எல்லாம் பதில் சொன்ன பிறகும், அது கேட்க நினைத்த குரல் வராததால், மறுபடியும் கூவுகிறது.