முசுறுக் கூட்டில் ஓர் உடை

மருதங்குளத்துக் காட்டில் விசித்திரசேனன் என்று ஒரு மரநாய் இருந்தது. பட்டணத்துத் தையல் கடை ஒன்றின் கூரைக்குள் ஆறு மாதம் படுத்துக் கிடந்துவிட்டு வந்த மரநாய் அது. இடுக்கு வழியாக எட்டிப் பார்த்ததையெல்லாம் படிப்பு என்று எண்ணிக்கொண்டு, "நான் ஃபேஷன் டிசைனர்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தது. காடும் நம்பியது. பட்டணத்திலிருந்து வந்தவர் சொன்னால் நம்பாமல் என்ன செய்யும்?

முதல் வருடம் பாம்புச் சட்டையில் மேலாடை செய்து காட்டியது. அடுத்த வருடம் சிலந்தி வலையில் முக்காடு, குளவிக் கூட்டில் தொப்பி. பார்த்த யாருக்கும் ஒரு மண்ணும் புரியவில்லை. புரியவில்லை என்று சொன்னால் பட்டிக்காடு என்பார்களே! அந்தப் பயத்தில் எல்லாம் கை தட்டின.

மூன்றாம் வருடம் மரநாய் தேர்ந்தெடுத்தது முசுறுக் கூடு. முசுறு தெரியுமல்லவா? மாமரத்து இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டுமே, அந்தச் செவ்வெறும்பு. அதுவே தைத்து வைத்திருப்பதால் மரநாய்க்குத் தையல் வேலையும் மிச்சம்.

போட்டுக்கொண்டு நடக்க ஆள் வேண்டுமே. செவ்வந்தி என்ற முயலுக்கு அப்போது நிறைமாதம். அது இருந்த புதர் கோடைத் தீயில் எரிந்துவிட்டது. குட்டி போட மறைவிடம் இல்லாமல் அலைந்துகொண்டிருந்தது. காட்டில் மிச்சமிருந்த அடர்ந்த புதர் ஒன்றே ஒன்று. அதுவும் மரநாயின் மரத்தடியில் இருந்தது.

"என் உடையைப் போட்டுக்கிட்டு ஒரு தடவை நடந்து காட்டு. புதரை உனக்கே விட்டுடறேன்" என்றது மரநாய்.

"உள்ளே எறும்பு இருக்கேண்ணே. கடிக்காதா?"

"எறும்பு இருக்கணும். அது ஊர்ந்தாத்தான் துணி உயிரோட அசையும். கடிச்சா முகத்தைச் சுளிக்காதே. மாடல் முகத்துல ஒண்ணும் தெரியக் கூடாது. நடுவுல கழட்டினே, புதர் கிடையாது. இப்பவே சொல்லிட்டேன்."

வயிற்றுப் பிள்ளைகளை நினைத்து முயல் சரி என்று தலையாட்டியது.

குளக்கரையில் விழுந்து கிடந்த மருதமரம்தான் மேடை. முன்வரிசையில் மயில், நரி, மந்தி. மரநாய் பிசின் தடவிக் கூட்டை முயலின் முதுகில் ஒட்டி, "நடை போடு" என்று தள்ளிவிட்டது.

நாலு எட்டு வைப்பதற்குள் முசுறுகள் மொய்த்துக்கொண்டு கடித்தன. முயல் துள்ளியது, புரண்டது. "கடிச்சுக் கொல்லுதே! யாராவது இதைப் பிய்ச்சு எடுங்களேன். வயித்துல பிள்ளைங்க இருக்கு."

"தாய்மையோட வலியைச் சொல்றாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு" என்றது மயில்.

"தாய்மை இல்லீங்க, காடு அழியறதைச் சொல்றாங்க" என்றது நரி.

மந்தி இரண்டுக்கும் சேர்த்துக் கை தட்டியது. முயல் மரநாயைப் பரிதாபமாகப் பார்த்தது. மரநாயோ, "முகம், முகம்" என்று பல்லைக் கடித்தது.

சேற்றில் படுத்திருந்த கிழட்டு எருமைக்குக் கலை தெரியாது, எறும்பு தெரியும். "கூறுகெட்டதுகளா, முசுறு பிடுங்குது, உட்கார்ந்து தட்டிக்கிட்டா இருக்கீங்க?" என்று எழுந்து வந்தது. கூட்டை வாயால் கவ்விப் பிய்த்து எறிந்தது. முயலைச் சேற்றில் தள்ளிப் புரட்டியது. அப்புறம்தான் முயலுக்கு மூச்சு வந்தது.

"என்ன ஒரு முடிவு!" என்று முன்வரிசை எழுந்து நின்று தட்டியது. மரநாய் குனிந்து வணங்கியது.

"அண்ணே, புதர்?" என்று கேட்டது முயல்.

"என் உடையைக் கிழிச்சதுக்குப் புதர் வேறயா? போ, போ."

முயல் சேறு வழிய நின்று அழுதது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாம் மரநாயைச் சூழ்ந்துகொண்டு நின்றன.

"எனக்கு ஒண்ணு" என்றது மயில். "எனக்கும்" என்றது நரி. "எனக்கு ரெண்டு" என்றது மந்தி.

"எறும்பு வேணுமா?" என்று கேட்டது மரநாய்.

"எறும்பு இல்லாமலா? அப்புறம் போலின்னு சொல்லிடுவாங்களே."

மறுநாள் காலை மூன்றும் புது உடையில் குளத்தைச் சுற்றி உலா வந்தன. பாதிச் சுற்றுக்குள் அலறல் கிளம்பியது. "ஐயோ, பிய்ச்சு எடுங்க! உசிரு போகுது!" கரையில் நின்றவர்களுக்கு இப்போது ரசிக்கத் தெரியும். எல்லாம் விடாமல் கை தட்டின.

மூன்றும் குளத்தில் விழுந்து, முகம் வீங்கி ஏறி வந்து, மரநாயைத் துரத்திய துரத்தலில் அது பட்டணம் போய்த்தான் நின்றது. அன்று மாலையே செவ்வந்தி அந்தப் புதருக்குள் புகுந்து மூன்று குட்டிகளைப் போட்டது.

அடுத்தவர் உடம்பில் ஊரும்போது கலையாகத் தெரிவது, தன் உடம்பில் ஏறினால்தான் எறும்பு என்று தெரியும்.