தன்மாயாவின் கால்

“வெறுமனே காலப் பாக்கிறதுக்கா நான் இவ்வளவு தூரம் வந்தேன்?”

கேட்டவள் தங்கபுஷ்பம். பிள்ளைகளையெல்லாம் கரையேற்றிவிட்டு, மூன்று மாதம் தொண்டு செய்வதற்காகச் சாயர்புரத்திலிருந்து நேபாளத்து மலைக்கு வந்தவள். தொழுநோய் கண்டவர்கள் குடியிருக்கும் ஊர் அது.

அவளுக்கு வேலை பழக்கியவள் பூர்ணா. மகள் வயதுதான் இருக்கும். கால்விரல் ஒன்றுகூடக் கிடையாது. தமிழ்நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் ஆறு வருஷம் கிடந்து தமிழ் பழகியவள்.

“பாத்தாப் போதும்மா,” என்றாள் பூர்ணா.

விடிந்ததும் அங்கே இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்காருவார்கள். இவள் பாதத்தை அவள் பார்ப்பாள், அவள் பாதத்தை இவள். முள் ஏறினாலும் நெருப்புச் சுட்டாலும் உணராத பாதங்கள். எதிரில் இருப்பவளின் கண்தான் அவற்றுக்கு வலி.

தங்கபுஷ்பத்துக்கு ஜோடி தன்மாயா. விறகு சுமந்து பிழைப்பவள். பார்வையும் மங்கிவிட்டது.

அந்தப் பாதத்தை மடியில் ஏந்தினாலே தங்கபுஷ்பத்துக்கு மனசு உருகிவிடும். கண்ணை இறுக மூடிக்கொண்டு, கண்ணீர் வடிய ஜெபம் பண்ணுவாள்.

இந்த அம்மா வந்தபிறகு எனக்குக் கால் கழுவுகிற வேலை மிச்சம் என்று தன்மாயா கேலி பேசுவாளாம்.

ஒரு நாள் அந்தப் பாதம் நாற்றம் எடுத்தது.

ஒடிந்த ஆணி ஒன்று குதிகாலுக்குள் இருந்தது. அதோடு ஒரு வாரம் விறகு சுமந்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்கு மேலே காலையே எடுத்துவிட்டார்கள்.

பூர்ணா ஒரு வார்த்தை ஏசவில்லை. தங்கபுஷ்பம்தான் அவளைத் தேடிப் போனாள்.

“அந்தக் காலுக்காக எத்தன கண்ணீர் விட்டிருப்பேன், தாயி. கர்த்தர் ஏன் கேக்கல?”

“நீங்க தினம் பாத்தீங்களேம்மா. ஆணி தெரியலையா?”

“நான் கண்ண மூடியிருந்தேன்.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது.

மூன்று வாரம் கழித்துத் தன்மாயாவைத் தூக்கிவந்து பழைய இடத்திலேயே உட்கார வைத்தார்கள். தங்கபுஷ்பம் எதிரே போகவில்லை. சுவரோரம் நின்றாள்.

“வேற யாரையாவது உக்காரச் சொல்லு, பூர்ணா. எனக்குத் தகுதியில்ல.”

பூர்ணா அதை அவர்கள் பேச்சில் எடுத்துச் சொன்னாள்.

தன்மாயா, தங்கபுஷ்பத்தின் குரல் வந்த பக்கமாகத் திரும்பி என்னவோ சொன்னாள்.

“என்ன சொல்றா?”

“இன்னும் ஒரு கால் இருக்காம். வந்து பாக்கச் சொல்றா.”