வெள்ளச்சி கிண்டிய களி

அந்தக் காலத்தில், எருமை கேட்டால் குருவி பதில் சொன்ன காலத்தில், ஆற்றங்கரையில் வெள்ளச்சி என்றொரு வாலாட்டிக் குருவி இருந்தாள். அப்போதெல்லாம் அவள் வால் ஆடாது. விசிறி மாதிரி அகலமாக, அழகாகக் கிடக்கும். கால்தான் ஓரிடத்தில் நிற்காது.

வெள்ளச்சிக்குச் சமையல் என்றால் உயிர். யாரும் சொல்லித் தரவில்லை. தீய்த்து, கொட்டி, மறுபடி அடுப்பு மூட்டித் தானாகவே கற்றுக்கொண்டாள். அவள் கடைந்த கொள்ளுக்கு அக்கம்பக்கமே சப்புக்கொட்டும். ஆனால் அவளுக்கு ரொம்பப் பிடித்த கேழ்வரகுக் களி மட்டும் கைக்கு வரவே இல்லை. எப்படி வரும்? களி கிண்டும்போது நடுவில் கையை எடுத்தால் கட்டி தட்டிவிடும். இவளோ துடுப்பை நாலு சுற்று சுற்றிவிட்டு வாசலுக்கு ஓடுகிறவள்!

அந்த வருஷம் காரி என்ற எருமை காய்ச்சலில் படுத்தாள். ஆற்று வெள்ளத்தில் போக இருந்த வெள்ளச்சியை முதுகில் ஏற்றிக் கரைசேர்த்தவள் அவள்தான். ஐந்து நாளாய் அவளுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. மைனா பால்பாயசம் கொண்டுவந்தாள். காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னதான்க்கா வேணும் உனக்கு? வாயைத் திறந்து சொல்லேன்!" என்றாள் வெள்ளச்சி.

"களி திங்கணும் புள்ள. கொள்ளு ஊத்தி, ரெண்டே உருண்டை. கட்டி இருந்தா தொண்டையில எறங்காது, பாத்துக்க."

"இன்னைக்கும் வயித்துல ஒண்ணும் விழலேன்னா பொழைக்க மாட்டா," என்று மைனா காதோடு சொல்லிவிட்டுப் போனாள். வெள்ளச்சி ஓடிப்போய் அடுப்பை மூட்டினாள்.

முதல் பானையைக் கிண்டும்போது வெளியே காரி முனகினாள். போய்விட்டாளோ என்று வெள்ளச்சி ஓடினாள். மூச்சு இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் பானை முழுக்க மாவுக்கட்டி. "நாசமாப் போச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். இன்னும் ஒரே ஒரு பானைக்குத்தான் மாவு இருந்தது.

மறுபடி கிண்டினாள். மறுபடி முனகல். இந்தத் தடவை வெள்ளச்சி ஓடவில்லை. கொஞ்ச நேரத்தில் முனகலும் நின்றது. ஐயோ, அதுதான் கொடுமை!

"அக்கா, இருக்கியா? ஒரு குரல் குடுக்கா!"

பதில் இல்லை. ஓடிப் பார்க்கச் சொல்லி உடம்பெல்லாம் பறந்தது. ஓடினால் களி கெடும். அழுதுகொண்டே கிண்டினாள். களி இறுகி வரும் நேரம் பார்த்துத் துடுப்பு மளுக்கென்று முறிந்தது. வேறு கோல் தேடப் போக நேரம் ஏது? திரும்பி நின்று தன் வாலையே பானைக்குள் விட்டாள். உயிர் போகச் சுட்டது. விடாமல் மேலும் கீழுமாக அடித்துக் கிளறினாள்.

உருண்டை பிடித்து, கொள்ளு ஊற்றி எடுத்துக்கொண்டு ஓடினாள். காரி கண் மூடிக் கிடந்தாள். ஒரு வாய் ஊட்டினாள். தொண்டை அசைந்தது. இறங்கிவிட்டது! இன்னொரு வாய். காரி கண்ணைத் திறந்தாள்.

"உப்பு பத்தல," என்றாள்.

வெள்ளச்சிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அகலமான வால் வெந்து குச்சியாக மெலிந்திருந்தது. இன்னும் மேலும் கீழும் அடித்துக்கொண்டே இருந்தது.

"அதான் தின்னுட்டேனே, வாலை நிறுத்தேண்டி."

"நிறுத்தினா நீ போயிருவியோன்னு பயமா இருக்குக்கா."

காரி தேறி எழுந்து மேயப் போனாள். வெள்ளச்சியும் பின்னாலேயே போனாள். அன்று பிடித்த பயம்தான், இன்றைக்கும் ஆற்றங்கரையில் எருமை வயிறாரத் தின்றுகொண்டிருந்தாலும், பக்கத்தில் நிற்கும் வாலாட்டிக் குருவிக்கு வால் நிற்பதே இல்லை.