பட்டம்மாளை எங்கே சேர்ப்பது?

ஒரு வழக்கைச் சொல்கிறேன். இதற்கு மனுப் போட இடமில்லை. போட்ட மனுக்களுக்கே பதில் வராத ஊர் எங்களுடையது. ஆகவே தீர்ப்பை நீங்கள்தான் சொல்லவேண்டும்.

புலவன்குப்பம் என்று ஓர் ஊர் இருந்தது. நிலக்கரிச் சுரங்கத்துக்காக அதை எடுத்தார்கள். மறியல் செய்தோம், சிறைக்குப் போனோம், ஊர் போய்விட்டது. வீடுகளுக்குப் பதிலாக ஒரு காலனி கொடுத்தார்கள். இடுகாட்டுக்குப் பதிலாகக் காலனிக்குப் பின்னால் ஒரு பொட்டலைக் காட்டினார்கள். பழைய இடுகாட்டில் புதைந்து கிடந்தவர்களுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அவர்களிடம் பட்டா இல்லை.

அப்படிக் கிடந்தவர்களில் ஒருவர் மருதமுத்து. தலைமாட்டில் ஒரு புளியமரம் நின்றது. அவர் மனைவி பட்டம்மாள் காலனி வீட்டில் சாகக் கிடந்தபோது, தன் மூன்று பிள்ளைகளையும் கூப்பிட்டுச் சொன்னாள்: "என்னை எங்கயோ கொண்டுபோயி போட்டுடாதீங்க. அவரு இருக்கிற எடத்துல சேத்துடுங்க."

இடுகாடு இருந்த இடம் இப்போது பெரும் பள்ளம் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டாள். மூவரும் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். மறுநாள் விடியும்போது அவள் இல்லை.

பாடை கட்டியாயிற்று. வெயில் ஏறுகிறது. எந்தப் பக்கம் தூக்குவது என்றுதான் தெரியவில்லை.

மூத்தவன் கொளஞ்சி, நிலத்துக்கு ஈடாகக் கிடைத்த ஒப்பந்த வேலையில் சுரங்கத்தில் டிப்பர் லாரி ஓட்டுகிறவன். "மண்மேட்டுக்குத் தூக்குங்க," என்றான். நிலக்கரிக்கு மேலே மூடியிருந்த மண்ணை வெட்டிக் கொட்டிக் கொட்டி, எங்கள் பக்கத்தில் ஒரு மலையே எழுந்து நிற்கிறது. இடுகாட்டை வெட்டிய அன்று அந்த மண்ணை ஏற்றிப்போகும் லாரி நடையைக் கேட்டு வாங்கியவன் இவன். "அப்பாவை வேற எவனும் அள்ள வாணாம்னுதான் நானே ஓட்டுனேன். கெழக்குச் சரிவுல கொட்டுனேன். எடம் எனக்குத் தெரியும்."

"பெத்த அப்பனைக் கொட்டிட்டு வந்து, எடம் தெரியும்னு பெருமை வேறயாண்ணே?" என்றாள் தங்கை தையல்நாயகி. "அதுக்கு மேல எத்தனை வருசத்து மண்ணு கெடக்குது! அங்க இருக்கிறது எலும்பு. அப்பா புளியமரத்துல ஏறிட்டாரு."

அவள் செங்கல் சூளையில் வேலை செய்கிறவள். இடுகாட்டு மரங்களை ஏலம் விட்டபோது அந்தப் புளி அவளுடைய சூளைக்கே விறகாக வந்தது. "வேரு அவரைத் தின்னுச்சு, மரத்தை நாங்க எரிச்சோம், அவரு புகையாப் போயிட்டாரு. அம்மாவையும் எரிச்சிடுவோம். புகையோட புகை சேரட்டும்."

"நம்ம வம்சத்துல யாரையும் எரிச்சதில்ல, தாயி," என்றார் பெரியப்பா ஒருவர்.

"டிப்பர்ல ஏத்துனது மட்டும் உண்டா, பெரியப்பா?"

அவள் பேச்சைத் துக்கத்தில் உளறுவதாகத் தள்ளிவிடாதீர்கள். காற்றிலுள்ள கரியை இலை வாங்குகிறது. தின்ற இலை உடம்பாகிறது. உடம்பு மண்ணாகி, மறுபடி மரமாகிறது. மரம் எரிந்தால் கரி காற்றுக்கே திரும்பிவிடுகிறது. பழைய கொடுக்கல் வாங்கல் இது. ஆனால் மருதமுத்துவின் குழிக்குக் கீழே, வெகு ஆழத்தில், இன்னொரு இடுகாடு இருந்தது. மனிதன் பிறக்குமுன் செத்த காடு அது. அதைத்தான் நிலக்கரி என்று தோண்டி, ஓரிரு தலைமுறைக்குள் கொளுத்திக்கொண்டிருக்கிறார்கள். அத்தனை கரியையும் திரும்ப வாங்க இலைகள் போதவில்லை. இருந்த மரத்தையும் சூளைக்கு அனுப்பிவிட்டோம். தையல்நாயகியின் தகப்பன் காற்றில் சேர்ந்துவிட்ட அந்தக் கரி நெரிசலில்தான் எங்கோ நிற்கிறார். அங்கே போய் யாரை யார் கண்டுபிடிப்பது?

இளையவன் தனவேல் காலனியில் மளிகைக்கடை வைத்திருக்கிறான். "காரியத்தன்னிக்கி காத்துலயா எலை போடுவ, அக்கா? வருசா வருசம் படையல் வெக்க ஓர் எடம் வேணும். பின்னாடி பொட்டல்ல பொதைப்போம்."

கொளஞ்சி சிரித்தான். "பொட்டல்ல சுரங்கத்துக்காரன் அளவுக்கல்லு நட்டுட்டுப் போனது தெரியாதா? அடுத்த வெட்டு அங்கதான். அந்த மண்ணும் இதே மேட்டுக்குத்தான் வரும்."

"வரும்போது பாத்துக்கலாம்."

"புலவன்குப்பத்துலயும் இதத்தான்டா சொன்னோம்."

கொளஞ்சி வண்டியை எடுத்துக்கொண்டு மண்மேட்டுக்குப் போனான். கேட்டில் நின்ற காவலாளி காலனிக்காரன்தான். "ஆபீசரைக் கேக்காம உள்ள விட முடியாதுண்ணே."

"எங்கப்பனை உள்ள கொண்டாந்தப்போ யாரைடா கேட்டீங்க?"

காவலாளி தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "எங்கம்மாவும் அங்கதாண்ணே கெடக்குது. நான் ஒரு நாளாவது உள்ள போயி ஒரு கற்பூரம் கொளுத்தியிருப்பனா?"

கொளஞ்சி திரும்பி வந்தான். பாடை அப்படியே கிடக்கிறது.

இப்போது சொல்லுங்கள். மண்மேடு என்கிறான் மூத்தவன். நெருப்பு என்கிறாள் மகள். பொட்டல் என்கிறான் இளையவன். மூவரும் ஒரே சத்தியத்தைத்தான் செய்தார்கள். பட்டம்மாளை அவள் புருஷன் இருக்கும் இடத்தில் சேர்க்கும் வழியைச் சொன்னவர் யார்?

விடை: தனவேல். அவன் அறிந்து சொல்லவில்லை. மேட்டின் கேட் கொளஞ்சிக்குத் திறக்காது. புகைக்கு ஓர் இடம் என்று கிடையாது. பொட்டலில் புதைக்கலாம்; ஆனால் அளவுக்கல் நட்ட இடம் எதுவும் இதுவரை தப்பியதில்லை. என்றாவது ஒருநாள் பட்டம்மாளையும் மண்ணோடு அள்ளி, அதே மேட்டில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். பிள்ளைகள் சத்தியத்தைக் காக்கவும் வேண்டாம், மீறவும் வேண்டாம். அந்த உரிமையும் அவர்களிடம் இல்லை. அன்று பொட்டலில்தான் புதைத்தார்கள். குழியை இன்னும் ஆழமாக வெட்டு, இன்னும் வெட்டு என்று சொல்லிக்கொண்டே நின்றான் கொளஞ்சி. வெட்டியவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். "போதும்ப்பா. இதுக்கு மேல எதுக்கு?" என்றார். கொளஞ்சி அளவுக்கல் நின்ற பக்கம் ஒருமுறை பார்த்தான்; மண்வெட்டியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு தானே குழிக்குள் இறங்கினான்.